போனஸ் தாண்டாத மஞ்சள் கோடு

சாம்சனுக்கு வலக்கையில் நாலரை விரல்கள். இதைப் புதியவர்களிடம் அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். "அரை வெரலு கம்பெனிக்கு, நாலரை எனக்கு. நாயமான பங்குதான்" என்பார். கேட்டவர் வருத்தப்படுவதா, சிரிப்பதா என்று குழம்பி நிற்கும்போது, சட்டைப்பையிலிருந்து ஒரு யோயோவை எடுத்து நடுவிரலில் மாட்டிக் கீழே வீசுவார். அது நூலின் முனையில் நின்று விர்ரென்று சுழலும். மணிக்கட்டை லேசாக வெட்டினால் ஓடிவந்து உள்ளங்கைக்குள் புகுந்துகொள்ளும். அதற்குப் பிறகு யாரும் விரலைப் பற்றிப் பேசுவதில்லை.

அவருக்கு வயது நாற்பத்தாறு. எங்கள் எதிர்வீட்டுக்காரர். காக்களூர்த் தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டை அழுத்தி வண்டி உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். அவருடைய தந்தை கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் பிறர் வயல்களில் கூலிக்கு உழுதவர். சாம்சன் பதினெட்டு வயதிலேயே இரும்பாலை வேலைக்குப் போய்விட்டார். புதுவாயலில் ஓர் அறையில் ஏழு பேராகத் தங்கி, முறைவைத்துத் தூங்கியதாகச் சொல்வார். ஹெலனைத் திருமணம் செய்துகொண்ட பின் மனைவியின் ஊரான காக்களூருக்கே வந்து சேர்ந்தார். ஹெலன் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையலர். நூற்று நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் வரிசையாக உட்காரவைப்பவர். வீட்டில் அந்தப் பார்வை தேவைப்படுபவர்கள் இருவர்தாம்: ஒருவர் சாம்சன், மற்றவர் போனஸ்.

போனஸ் என்பது நாய். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளி போனஸ் கொடுத்த நாளன்று, கம்பெனி வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றைச் சாம்சன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "இன்னா குடுத்தாங்க போனஸு?" என்று ஹெலன் ஆவலாகக் கேட்டார். சாம்சன் பையைத் திறந்து காட்டினார். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

விரல் போனது அதற்கு அடுத்த ஆண்டு. பிரஸ் மெஷினுக்கு இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டையும் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருக்கும் அச்சு இறங்கும். அப்படியிருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்க முடியாது. ஏற்பாட்டின் நோக்கமே அதுதான். ஆனால் வேலை வேகமாக ஓட வேண்டும் என்று, ஆட்கள் ஓர் அட்டையை மடித்து ஒரு பொத்தானின் இடுக்கில் சொருகிவிடுவார்கள். அந்தப் பொத்தான் அழுந்தியே கிடக்கும். ஒரு கை ஓய்வாகிவிடும். அப்படி ஓய்வாக இருந்த கைதான் சாம்சனின் வலக்கை. "மெஷின் மேல தப்பு இல்ல சார். அட்டைய மடிச்சவன் நான்" என்று அவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் சிரிக்காமல் சொன்ன மிகச் சில வாக்கியங்களுள் அது ஒன்று.

காயம் ஆறியதும், கைக்கு வலுவேற ரப்பர்ப் பந்து ஒன்றை நாள்தோறும் இருநூறு முறை அழுத்துமாறு மருத்துவமனையில் சொன்னார்கள். பந்து வாங்கிய மூன்றாம் நாள் அது போனஸின் உடைமையாயிற்று. இரண்டாம் பந்தும் மூன்றாம் பந்தும் அதே வழியில் சென்றன. அப்போதுதான் திருவள்ளூர் இரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பொம்மைக் கடையில் யோயோ தொங்குவதைச் சாம்சன் கண்டார். "கவுறு கட்டின பந்துமே. வெரல்ல மாட்டிக்கினா அது எடுத்துக்கினு ஓட முடியாது" என்று ஹெலனிடம் விளக்கினார்.

போனஸ் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. தன் பந்தை யாரோ கயிற்றில் கட்டிவைத்துத் தனக்குத் தராமல் ஏய்க்கிறார்கள் என்பது அதன் முடிவு.

மூன்று ஆண்டுகளில் சாம்சன் கைப்பேசியைப் பார்த்துப் பார்த்தே முப்பதுக்கும் மேற்பட்ட வித்தைகளைக் கற்றார். அவற்றுள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, சுழலும் யோயோவைத் தரையைத் தொடவிட்டு, அது உருண்டோட, பின்னாலேயே நடப்பது. இதற்கு 'நாய் நடை' என்றே அந்த உலகில் பெயராம். மற்றொன்று, யோயோவைத் தலைக்கு மேலாக முழு வட்டமாகச் சுழற்றுவது. இதைச் சாம்சன் 'உலகம் சுத்தி' என்பார்.

இவ்வாண்டு சனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து திரும்பியதும், சாம்சன் உலகத்தைச் சுற்றினார். உலகம் முக்கால் வட்டம் வந்தபோது போனஸ் தன் பந்தைப் பிடிக்கத் தாவியது. யோயோ அதன் மூக்கில் மோதியது. நான் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது, நாயின் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. சாம்சனின் முகத்தில் ஒரு சொட்டும் இல்லை.

ஸ்கூட்டரில் சாம்சன் ஓட்ட, பின்னால் ஹெலன் நாயை மடியில் வைத்துக்கொள்ள, மூவரும் திருவள்ளூர்க் கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள். நல்லவேளையாகத் தோல் மட்டும் கிழிந்திருந்தது. பல்லுக்கும் கண்ணுக்கும் ஒன்றுமில்லை. எது பட்டது என்று மருத்துவர் கேட்டார். சாம்சன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"அட, யோயோவா. நான் சின்ன வயசுல வச்சிருந்தேன். எங்க, ஒருதபா சுத்திக் காமிங்க" என்றார் மருத்துவர்.

ஹெலன் பார்த்த பார்வையில் அவர் உடனே மருந்துச் சீட்டுக்குத் திரும்பினார். ஆனாலும் உருப்படியான ஒன்றைச் சொன்னார். "அடி படுறது ஒரு பக்கம்மா. அந்த நூல இது முழுங்கிட்டா கொடல அறுத்துடும், ஆபரேஷன்தான். மொதல்ல நூல எட்டாத எடத்துல வைங்க."

வீட்டு வாசலில் இறங்கியதும் ஹெலன் தீர்ப்பு வழங்கினார். தெருவே கேட்டது.

"இன்னொரு தபா அது மேல பட்டுச்சி, யோயோ ஏரிக்குப் போவும். வாயில்லாத ஜீவன்யா அது. நீயாவது அட்டைய சொருகின, வெரல குடுத்த. அது இன்னா பண்ணுச்சி?"

மறுநாள் இன்னொரு சிக்கல் வந்து சேர்ந்தது. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி கல்பனா, மார்ச் முதல் வாரப் பாதுகாப்பு விழாவில் சாம்சன் யோயோ வித்தை காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். விரல் இழந்த ஒருவர் அந்தக் கையாலேயே வித்தை காட்டினால், நூறு சுவரொட்டிகள் செய்யாத வேலையை அது செய்யும் என்பது அந்த இளம் பொறியாளரின் எண்ணம். சாம்சன் தலையாட்டிவிட்டார். பயிற்சிக்கு அவரிடம் இருந்த இடம் அந்த ஒரு முற்றம்தான். அந்த முற்றத்தைப் போனஸ் தன்னுடையதாகவே எப்போதும் கருதிவந்தது. நாயை அறைக்குள் பூட்டினால் கதவைப் பிறாண்டி அழுதது. ஹெலனும் அதற்கு இசையவில்லை.

எனவே சாம்சன் கம்பெனியில் செய்வதைப் போலவே செய்தார். விபத்து விசாரணை நடத்தினார். ஒரு நோட்டுப் புத்தகத்தில், "சம்பவம்: நாயின் மூக்கில் யோயோ பட்டது. காரணம்: நாய் அபாயப் பகுதிக்குள் நுழைந்தது" என்று எழுதிவைத்தார். அடுத்த நாள் பார்த்தால் காரணம் அடிக்கப்பட்டு, ஹெலனின் கையெழுத்தில் "சாம்சன்" என்று இருந்தது.

பிறகு அளவெடுத்தார். நூல் தரையிலிருந்து தொப்புள் வரை, அதாவது ஒரு மீட்டர். நீட்டிய கை முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஆறடி; அதற்கு மேல் மூன்றடி பாதுகாப்பு இடைவெளி. ஆக, ஒன்பதடியில் ஒரு கோடு. என்னிடமிருந்து சுண்ணக்கட்டி வாங்கி முற்றத்தில் கோடு கிழித்தார். போனஸ் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நக்கித் தீர்த்தது. அதன்பின் கம்பெனியில் தரையில் அடிக்கும் மஞ்சள் பெயிண்டு மீந்ததைக் கேட்டு வாங்கிவந்து, நான்கு விரற்கடை அகலத்தில் பட்டையாக அடித்தார். அது காயும்வரை நாயை எங்கள் வீட்டில் வைத்திருந்தோம்.

நூல் நைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் விதியாயிற்று. நூல் அறுந்தால் ஒன்பதடி என்ன, தொண்ணூறு அடியும் போதாது. வீசுவதற்கு முன் நூலை விரல்களுக்கிடையே உருவிப் பார்ப்பார். ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுவார். பயிற்சி முடிந்ததும் நூலும் யோயோவும் எவர்சில்வர் டப்பாவுக்குள் போய், டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

நாய்க்கு விதியைக் கற்பிப்பதுதான் பெரும்பாடு. சாம்சன் மஞ்சள் தலைக்கவசத்தையும் பாதுகாப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொள்வார். தலைக்கவசம் தலையில் ஏறினால் போனஸ் கோட்டுக்கு அப்பால் உட்கார வேண்டும். தலைக்கவசம் இறங்கும்வரை எழக் கூடாது. உட்கார்ந்தால் ஒரு துண்டு பொறை. தேநீர்க் கடைக் கண்ணாடிச் சாடியில் இருக்கும் அந்தக் காய்ந்த ரொட்டிக்காக எங்கள் ஊர் நாய்கள் எதையும் செய்யும்.

"நைனா, இங்க பாரு. தலையில இது இருந்தா, அந்தாண்ட. புரிஞ்சுதா? கையெழுத்துப் போடு."

போனஸ் முன்காலைக் கொடுக்கும். முதல் வாரம் முழுவதும் யோயோவை வீசவே இல்லை. தலைக்கவசத்தை ஏற்றுவதும் இறக்குவதும்தான். தெருவில் போகிறவர்கள், சாம்சன் நாய்க்குச் சல்யூட் அடிக்கிறார் என்றே நினைத்தார்கள். கம்பெனியில் அடுத்த மெஷின் ஓட்டும் ஜெயராஜ், ஒருநாள் எங்கள் தெருவில் வண்டியை நிறுத்தி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இன்னா சாம்சா, ஷிப்டு மாத்திக்கினு கீறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டாம் வாரம் யோயோ கோட்டுக்கு இப்பால் மெதுவாகக் கீழிறங்கி மேலேறியது. மூன்றாம் வாரம் 'நாய் நடை' வந்தது. போனஸ் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தது, ஆனால் உட்கார்ந்திருந்தது.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில் சாம்சனுக்கு அவசரம் வந்தது. அன்று மின்வெட்டினால் ஷிப்டு நேரம் கடந்து முடிந்து, அவர் வீட்டுக்கு வரவே ஏழு மணியாயிற்று. தெருவில் ஒரு பூனை சுற்றிக்கொண்டிருந்ததால் போனஸ் உட்காரவில்லை. தலைக்கவசம் மூன்று முறை ஏறி இறங்கியது. நான்காம் முறை, சாம்சன் ஒரு கயிற்றை எடுத்து நாயின் கழுத்துப் பட்டையில் கட்டி, மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் முடிந்தார். நாய்க்கு முதுகைக் காட்டி நின்று, உலகத்தைச் சுற்றத் தொடங்கினார்.

போனஸ் பின்னுக்கு இழுத்துத் தலையைப் பட்டையிலிருந்து உருவிக்கொண்டது. ஒரே ஓட்டமாகக் கோட்டைக் கடந்தது. சமையலறைச் சன்னலிலிருந்து ஹெலன், "யோவ், பின்னால" என்றார். சாம்சன் திரும்பிப் பார்க்காமலேயே கையை மடக்கி நூலைத் தன் பக்கம் இழுத்தார். யோயோ நேராக வந்து அவருடைய பாதுகாப்புக் கண்ணாடியில் மோதி, அங்கிருந்து புருவத்துக்குத் தாவி, வட்டமாக ஒரு வீக்கத்தை உண்டாக்கிவிட்டுத் தொங்கியது. போனஸ் அதை முகர்ந்து பார்த்தது.

ஹெலன் கரண்டியோடு வெளியே வந்தார். முதலில் நாயைத் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு கணவனைப் பார்த்தார். பிறகு குழாயில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார்.

"இங்கயும் அட்டைய சொருகிட்டியா?" என்றார்.

அவர் உரக்கக்கூடச் சொல்லவில்லை. சாம்சன் தன் அரை விரலை மற்றொரு கையால் பொத்திக்கொண்டு அந்த மஞ்சள் கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஹெலன் அவர் விரலிலிருந்து நூலைக் கழற்றி, யோயோவை எடுத்துக்கொண்டு போய் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார்.

இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. இதற்குள் ஜெயராஜ் மூலம் கோட்டுக் கதை உணவுக்கூடம் முழுவதும் பரவி, கல்பனாவின் காதுக்கும் எட்டியது. அன்று மாலையே அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து முற்றத்தைப் பார்த்தார். "சூப்பரா போட்டிருக்கீங்கண்ணே. ஞாயித்துக்கெழம விழாவுக்கு போனஸையும் கூட்டினு வாங்க. மெஷின் ஒண்ணும் ஓடாது. நான் மேனேஜர்கிட்ட பேசிக்கிறேன்" என்றார்.

சாம்சன் ஹெலனைப் பார்த்தார். ஹெலன் அரிசி டிரம்மைப் பார்த்தார்.

"வருவோம் மேடம். ஆனா ஒண்ணு. கவுறும் இல்ல, கையால புடிக்கிறதும் இல்ல. எல்லார் எதுர்லயும் அது சொம்மா உக்காரணும், இவுரு அத பாத்துக்கினே சுத்தணும். ஏடாகூடமா ஆச்சி, அங்கயிருந்து நேரா ஏரிதான்" என்றார் ஹெலன்.

ஞாயிறன்று காலை பத்து மணிக்கு எல்லோரும் கிளம்பினோம். என்னையும் ஹெலன் அழைத்திருந்தார். அரிசி டிரம்மிலிருந்து யோயோவையும் அவரே எடுத்துக் கொடுத்திருந்தார். கம்பெனி வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் கல்பனா மஞ்சள் தலைக்கவசம் கொடுத்தார். உள்ளே மேடை பட்டறையின் கோடியில் போடப்பட்டிருந்தது. வாசலிலிருந்து ஐம்பது அடி நடக்க வேண்டும். சாம்சன் தம்முடைய தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே கால்வைத்தார். போனஸ் அவரோடு வாசற்படி வரை துள்ளி வந்தது. அங்கே நின்றது.

பட்டறைத் தரை முழுவதும் மஞ்சள் கோடுகள். ஒரு தலைக்கவசத்தைக் கண்டாலே உட்காரும் நாயின் கண்ணெதிரே எண்பது தலைக்கவசங்கள். போனஸ் முதல் கோட்டுக்கு அப்பால், ஓர் அங்குலமும் மீறாமல், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது.

"வா நைனா" என்றார் சாம்சன். அது வாலை மட்டும் ஆட்டியது.

ஜெயராஜ் ஒரு பொறையை நீட்டிக்கொண்டே வந்தார். "இன்னா சாம்சா, யூனியன்ல சேர்த்து உட்டுட்டியா இத?"

"ஜெயராஜ் அண்ணே, நீங்க எங்க நிக்கிறீங்க பாருங்க" என்றார் கல்பனா. ஜெயராஜ் குனிந்து பார்த்தார். நடைபாதைக் கோட்டுக்கு வெளியே, மெஷினை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். "நாயி சரியா கீது. நீங்கதான் தாண்டிக்கினு கீறீங்க."

கூட்டம் சிரித்தது. பலர் தத்தம் கால்களைக் குனிந்து பார்த்து, ஓசைப்படாமல் நகர்ந்து நின்றனர்.

சாம்சன் தலைக்கவசத்தில் கைவைத்தார்.

"அண்ணே, ஹெல்மெட்" என்றார் கல்பனா.

"இத கழட்டினாதான் மேடம் அது எந்திரிக்கும்."

"உள்ள கழட்டினா நான் ரிப்போர்ட் எழுதணும்ணே. பாதுகாப்பு வாரம் வேற."

சாம்சன் நாயைத் தூக்கக் குனிந்தார். "தொடாத" என்றார் ஹெலன். "கவுறு இல்ல, கை இல்ல. பேசினது பேசினதுதான்."

மேடையில் ஒலிவாங்கியோடு காத்திருந்த மேலாளர் அன்புசெல்வன், "இன்னாம்மா அங்க பேஜாரு?" என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டார்.

கல்பனா சற்று யோசித்தார். "சார், அது வராது. நாமதான் அங்க போவணும்" என்றார். அப்படித்தான் நடந்தது. எண்பது பேரும் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, கோட்டுக்குள்ளேயே வரிசையாக நடந்து, வாசலை நோக்கித் திரும்பி உட்கார்ந்தார்கள். கல்பனா ஒன்பதடியை அளந்து முதல் வரிசையையும் பின்னுக்குத் தள்ளினார்.

சாம்சன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாயைத் தம் பார்வைக்கு நேராக வைத்து நின்றார். நூலை உருவிப் பார்த்தார். யோயோ இறங்கியது, உறங்கியது, எழுந்தது. நூலில் ஊஞ்சலாடியது. நாலரை விரல்களுக்கிடையே ஒரு நட்சத்திரம் உருவாகி அவிழ்ந்தது. கைதட்டல் தகரக் கூரையில் எதிரொலித்தது. அடுத்து 'நாய் நடை'. யோயோ தரையில் உருண்டு போனஸை நோக்கியே ஓடி, சில அடி தூரத்தில் தயங்கிச் சுழன்றது. நாயின் வலது முன்கால் மெல்ல உயர்ந்தது. ஹெலன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அது தெரிந்திருக்காது. தூக்கிய கால் அந்தரத்தில் நின்று, நடுங்கி, எடுத்த இடத்திலேயே திரும்ப இறங்கியது. யோயோ சாம்சனின் கைக்குத் திரும்பியது.

"அடுத்து உலகம் சுத்தி" என்று ஜெயராஜ் அறிவித்தார். எல்லோரும் காத்திருந்தது அதற்குத்தான்.

சாம்சன் மீண்டும் நூலை உருவினார். பாதி வழியில் கை நின்றது. சிமெண்டுத் தரையில் உராய்ந்து ஓர் இழை பிரிந்திருந்தது. எங்களுக்கு அது தெரியவே இல்லை. அவர் விரலுக்குத் தெரிந்தது. அவர் எண்பது பேரைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார், கோட்டுக்கு அப்பால் உட்கார்ந்திருந்த நாயைப் பார்த்தார். பிறகு நூலைச் சுற்றி, யோயோவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நூலு சரியில்ல. வேற நூலு ஊட்ல கீது. அவ்ளோதான்" என்றார்.

"ஒருதபாதான சாம்சா, ஒண்ணும் ஆவாது" என்றார் ஜெயராஜ்.

"அட்டைய சொருகும்போது நானும் அதத்தான் சொன்னேன்."

கல்பனாதான் முதலில் கைதட்டினார்.

விழா முடிந்து, தலைக்கவசங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாலைக்கு வந்தோம். வெறுந்தலையோடு சாம்சனைக் கண்டதும் போனஸ் எழுந்து, அதுவரை அடக்கிவைத்திருந்த துள்ளல்களையெல்லாம் மொத்தமாகத் துள்ளித் தீர்த்தது. ஹெலன் கைப்பையிலிருந்து ஒரு முழுப் பொறையை எடுத்து அதற்குக் கொடுத்தார்.

"அப்ப ஏரி?" என்று சாம்சன் மெல்லக் கேட்டார்.

"ஏரியில தண்ணி கொறைஞ்சி போச்சி. போட்டாலும் முழுவாது" என்ற ஹெலன், மறுபடியும் கைப்பைக்குள் கைவிட்டுப் புத்தம்புதிய நூல் ஒன்றை எடுத்து நீட்டினார்.

சாம்சன் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்த வச்சிக்கினா உக்காந்துனு இருந்த? உள்ளயே குடுத்திருக்கலாம்ல?"

"நீ இன்னா பண்றன்னு பாத்துக்கினு இருந்தேன். சரி, சுத்திக் காமி இப்ப. நானும் ஒழுங்கா பாத்ததே இல்ல."

சாம்சன் நூலை மாற்றினார், சுருக்கை நடுவிரலில் மாட்டினார், கையை உயர்த்தினார். போனஸ் பொறையை விழுங்கிவிட்டு அவர் காலடியில் வந்து நின்று, தன் பந்தை அண்ணாந்து பார்த்தது. சாம்சன் சாலையை மேலும் கீழும் நோட்டமிட்டார்.

"இங்க கோடு இல்லமே. ஊட்டுக்குப் போயி பாத்துக்கலாம்" என்று சொல்லி, யோயோவைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.